அம்பாசடரின் பின்பக்கச் சத்தம்: எப்போது வருகிறது என்பதை வைத்துக் காரணம் காணும் முறை

உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதம் உற்பத்தி நின்ற பிறகும் அம்பாசடர் கார்கள் தமிழ்நாட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போய்ச் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் "பின்னாடி ஏதோ சத்தம் வருதுங்க" என்பதாகவே இருக்கும். அதற்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "கிரவுன் போயிருக்கும் சார், எறக்கிப் பாத்துரலாம்." கிரவுன் என்பது பின் அச்சின் நடுவில் இருக்கும் பெரிய பற்சக்கரம். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே ஒரு மணி நேர வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டதால் நான் இழந்த பணத்தை நினைத்துக்கொண்டுதான் இந்த வழிமுறையை எழுதுகிறேன். இங்கே சொல்லப்படுபவை 1986ஆம் ஆண்டின் மார்க் 4 வண்டியை வைத்துக் கற்றவை. எனினும் முன்பக்கம் எஞ்சினும் பின்சக்கர இழுவையும் பட்டை ஸ்பிரிங்கும் கொண்ட எந்தப் பழைய காருக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்

டிக்கியை முழுவதுமாகக் காலி செய்யுங்கள். ஜாக்கி, அதன் கைப்பிடி, ஸ்டெப்னி, கருவிப் பை ஆகிய எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, பின் இருக்கையின் மெத்தையையும் தூக்கிப் பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். சிரிக்க வேண்டாம், திருப்பத்தில் மட்டும் வந்த ஒரு "தொம்" சத்தத்தை நான் இரண்டு வாரம் துரத்தியிருக்கிறேன். கோயிலுக்குப் போய்வந்த நாளில் பையிலிருந்து உருண்டு, டிக்கியின் மூலையில் போய் ஒளிந்துகொண்ட தேங்காய் அது.

அடுத்ததாக, வண்டியின் பின்பாதியில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதன் இரு முனைகளில் உள்ள சிலுவை வடிவ மூட்டுகளான கிராஸ்கள், கிரவுனும் அதைச் சுற்றவைக்கும் சிறு பற்சக்கரமான பினியனும், சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் ஷாஃப்ட், வீல் பேரிங், டிரம், டயர் ஆகியவை சுழல்பவை. பட்டை ஸ்பிரிங், அதன் முனையை வண்டியோடு இணைக்கும் ஷாக்கிள், ஷாக் அப்சார்பர் ஆகியவை மேலும் கீழும் அசைபவை. சைலன்சர் குழாய், கைப்பிரேக் கேபிள், பெட்ரோல் டேங்க் ஆகியவை தொங்குபவை. சுழல்பவற்றின் சத்தம் வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கும். அசைபவற்றின் சத்தம் வேகத்தைப் பொருட்படுத்தாது. பள்ளம் மேட்டில்தான் எழும். தொங்குபவற்றின் சத்தம் வண்டி நிற்கும்போதுகூட எஞ்சினின் அதிர்வுக்கு வரும். ஆகவே சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதே பெரிய துப்பு. "ஊங்" என்பதும் "கும்" என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். நியூட்ரலில் போட்டதும் நின்றுவிட்டது என்பது யார் கேட்டாலும் மாறாது.

காலை நேரத்தில், போக்குவரத்துக் குறைந்த நல்ல தார்ச்சாலையில், பின் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். கண்ணாடிகளை ஒருமுறை ஏற்றியும் ஒருமுறை இறக்கியும் கேட்க வேண்டும். சாலையோரச் சுவரை ஒட்டிப் போகும்போது கண்ணாடியை இறக்கினால் சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து காதில் தெளிவாக விழும். பின்வரும் சோதனைகளைச் செய்து, முடிவுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலாவதாக, 60 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை அணைக்காமல் வண்டியை உருளவிட வேண்டும். சத்தம் அப்படியே தொடர்ந்தால் எஞ்சினையும் கிளட்சையும் மறந்துவிடலாம். இரண்டாவதாக, அதே வேகத்தை மூன்றாம் கியரிலும் டாப் கியரிலும் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் சத்தம் ஒன்றுபோல இருந்தால் காரணம் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. மூன்றாவதாக, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும், காலை எடுத்து வண்டியைத் தானே இழுபட விடும்போதும், இரண்டுக்கும் நடுவில் வேகம் ஏறாமலும் இறங்காமலும் மெல்லப் பிடித்திருக்கும்போதும் சத்தம் எப்படி மாறுகிறது என்று கேட்க வேண்டும். நான்காவதாக, அகலமான இடத்தில் இடமும் வலமும் மெதுவாக வளைத்து ஓட்டிப் பாருங்கள்.

இவற்றோடு ஒரு சிறு கணக்கும் உதவும். அம்பாசடரின் 5.90–15 அளவு டயர் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய 2 மீட்டர் நகரும். 20 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு இரண்டரை முதல் மூன்று சுற்று. புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கோ அதற்கும் சற்றுக் கூடுதலாகவோ சுற்றும். எனவே அந்த வேகத்தில் "டக், டக்" என்று எண்ணும்படி வந்தால் அது சக்கரத்தைச் சேர்ந்தது; எண்ண முடியாத வேகத்தில் "டகடக" என்று வந்தால் ஷாஃப்டைச் சேர்ந்தது.

வேகத்தோடு ஏறும் ஊளை, ஆக்சிலரேட்டருக்குக் கட்டுப்படாதது

பழைய வண்டிகளில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சத்தம் இதுதான். 40 கிலோமீட்டருக்கு மேல் தொடங்கி வேகம் கூடக்கூட உயரும். காலை அழுத்தினாலும் எடுத்தாலும் நியூட்ரலில் போட்டாலும் மாறாது. கிரவுனின் ஊளை என்று முடிவுகட்டிவிடுவதற்கு எல்லாத் தோற்றமும் இதற்கு உண்டு. ஆனால் கிரவுனும் பினியனும் பல்லோடு பல் உரசிச் சுமையைக் கடத்துபவை. சுமை மாறினால் அவற்றின் குரலும் மாறியே தீரும். சுமைக்கு மாறாத ஊளைக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது டயரை.

என் வண்டியில் நடந்தது இதுவே. ஊரில் பெயர் பெற்ற ஒரு பட்டறையில் ஓட்டிக்கூடப் பார்க்காமல் கிரவுனை இறக்கினார்கள். பேரிங் மாற்றி, பினியனைத் திரும்பக் கட்டி, நான்கு நாள் கழித்து வண்டியைக் கொடுத்தபோது பழைய ஊளை அப்படியே இருந்தது. அதோடு ஆக்சிலரேட்டரை எடுக்கும்போது மட்டும் மெல்லிய ஒரு புது விசில் சேர்ந்திருந்தது. பிறகு வீட்டு வாசலில் உட்கார்ந்து பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, சுற்றுப்பாதையில் முன்னும் பின்னும் தடவிப் பார்த்தேன். ஒரு திசையில் வழவழவென்று போன கை, மறு திசையில் ரம்பத்தின் பல்லைத் தடவியதுபோல் தட்டித் தட்டி வந்தது. டயரின் பூவில், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டிகளில், ஒவ்வொன்றின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து, மறு விளிம்பு எழும்பி நின்றிருந்தது. பின் டயர்களை முன்னாலும் முன் டயர்களைப் பின்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டியபோது ஊளை முன்பக்கம் போய்விட்டது. அந்தச் சோதனைக்கு ஆன செலவு முக்கால் மணி நேரமும் கொஞ்சம் வியர்வையும்.

ஆகவே டயரை முன்பின்னாக மாற்றிப் பார்ப்பதற்கு முன் யாரையும் ஹவுசிங்கை, அதாவது கிரவுனையும் பினியனையும் மூடியிருக்கும் பின் அச்சுக் கூட்டை, திறக்க விடாதீர்கள். வழவழப்பான புதுத் தார் போட்ட பகுதியிலும் சொரசொரப்பான பழைய சாலையிலும் சத்தம் வேறுபட்டால், அதுவும் டயரையே காட்டுகிறது. கூடவே டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 2316 என்று இருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். குறைவாக ஓடும் பழைய காரில் பூ தேயாமலேயே ரப்பர் கெட்டித்துப்போய் இரைச்சல் எழுவது வழக்கம்.

டயர் இல்லையென்றால் அடுத்தது வீல் பேரிங். அதன் குரல் ஊளையாக இல்லாமல் சற்றுக் கரகரப்பான உறுமலாக இருக்கும். வளைவில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வண்டி இடப்பக்கம் வளையும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது உறுமல் கூடினால் வலது பேரிங்கையும், வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடது பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். முன் சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டின் மேல் நிறுத்திய பின், கைப்பிரேக்கை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அப்படிச் சுற்றும்போது மறு கையின் விரல்களைப் பட்டையின் மேல் லேசாக வைத்திருந்தால், காதில் விழாத கரகரப்பும் விரல் நுனியில் தெரியும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தளர்வும் தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. அம்பாசடரின் எடை ஒரு டன்னுக்கு மேல்.

பேரிங் மாற்றினால் ஆயில் சீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். சீல் ஒழுகினால் கியர் ஆயில் டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைத்து, பிரேக்கே பிடிக்காமல் போகும். சீல் திரும்பத் திரும்ப ஒழுகுகிறதென்றால் சீலைக் குறை சொல்வதில் பயனில்லை. ஹவுசிங்கின் மேல் உள்ள மூச்சுத் துளை மண் அடைத்துக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே சூடான காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளுகிறது.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதோ எடுக்கும்போதோ மட்டும் வரும் ஊளை

இதுதான் உண்மையிலேயே கிரவுன்–பினியனின் குரல். குறிப்பிட்ட ஒரு வேக எல்லையில், அதாவது 50க்கும் 65க்கும் இடையில் என்பதுபோல, சீராக "உய்ங்" என்று எழுந்து, காலை எடுத்ததும் நின்றுவிடும். அல்லது அழுத்தும்போது அமைதியாக இருந்து, மலையிலிருந்து கியரில் இறங்கும்போது மட்டும் அழும். இரண்டு நிலைகளிலும் பல்லின் வேறுவேறு முகங்கள் சுமையைத் தாங்குவதால்தான் இந்த வேறுபாடு. கால் எடுக்கும்போது மட்டும் வந்தால் பினியன் பேரிங் தளர்ந்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் பின் முனையில் உள்ள ஃபிளேஞ்சை (இணைப்புத் தட்டு) பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டினால் அந்தத் தளர்வு கையிலேயே தெரியும். சுற்றுவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. முன்பின் ஆட்டம் இயல்பன்று.

திறப்பதற்கு முன் எண்ணெயைப் பாருங்கள். ஹவுசிங்கில் உள்ள மட்டத் திருகைக் கழற்றி, சுண்டு விரலை உள்ளே விட்டால் எண்ணெய் தொட வேண்டும். விரலில் ஒட்டியதைச் சூரிய வெளிச்சத்தில் தேய்த்துப் பார்த்தால், மாவுபோல நுண்ணிய வெள்ளிப் பளபளப்பு வயதின் தேய்மானம். நகத்தில் நெருடும் செதில்கள் பல்லோ பேரிங்கோ உடைவதன் அடையாளம். பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளத்தில் நின்ற வண்டிகளில், எஞ்சினைச் சுத்தம் செய்துவிட்டு ஹவுசிங்கை மறந்தவர்கள் உண்டு. ஓடிச் சூடான ஹவுசிங் திடீரென்று தண்ணீரில் இறங்கினால், உள்காற்று சுருங்கி மூச்சுத் துளை வழியாகவே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

கிரவுன்–பினியனின் ஹைப்பாய்டு வகைப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே சுழல்வதால், அந்த அழுத்தத்தைத் தாங்கும் இ.பி. 90 வகைக் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். மூக்கைச் சுளிக்கவைக்கும் கந்தக வாடை அந்த எண்ணெயின் குணமே தவிர, கெட்டுப்போனதன் அறிகுறி அன்று. சத்தத்தை அடக்கக் கெட்டியான கிரீஸையும் மரத்தூளையும் போட்டு வண்டியை விற்ற காலமெல்லாம் இருந்தது. பழைய கார் வாங்குபவர்கள் மட்டத் திருகைக் கழற்றிப் பார்க்க இதுவும் ஒரு காரணம்.

எண்ணெய் சரியாக இருந்து, செதில்களும் இல்லாமல், ஊளை மட்டும் இருந்தால் என் ஆலோசனை ஒன்றுதான்: விட்டுவிடுங்கள். சீரான ஊளையோடு பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும் கிரவுன்கள் உண்டு. கிரவுனும் பினியனும் ஆலையிலேயே ஒன்றோடொன்று உரசவைத்துச் சேர்க்கப்பட்ட ஜோடி. இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் வாங்குவதானால் அந்த எண்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும். கட்டும்போது ஷிம் தகடுகளை மாற்றி மாற்றி வைத்து, பல்லில் சாயம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்கும் பொறுமை உள்ளவரிடம் மட்டுமே இந்த வேலையைக் கொடுக்கலாம். அந்தத் தடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முகம் சுளிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

நேர்ச்சாலையில் எந்தச் சத்தமும் இல்லாமல், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற இறுக்கமான திருப்பங்களில் மட்டும் "கடகட" என்று வந்தால், அது டிஃபரென்ஷியலின் உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்களும் அவற்றின் வாஷர்களும் தேய்ந்ததைக் காட்டும். இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போதுதான் அவற்றுக்கு வேலை. நேராகப் போகும்போது அவை தம்மளவில் சுற்றாமல் இருக்கும்.

கிளட்சை விட்டதும் ஒரு "டக்"

முதல் கியரில் நகரும்போதும், ரிவர்ஸுக்கு மாறும்போதும், காலை எடுத்து மறுபடி அழுத்தும்போதும் ஒரே ஒரு அடி விழும். இது எங்கோ சேர்ந்திருக்கும் தளர்வு ஒரே நேரத்தில் இறுகுவதன் ஓசை. தளர்வு ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. கிராஸில் கொஞ்சம், ஆக்சில் ஷாஃப்டின் முனையில் வரிவரியாக வெட்டிய பல்வரியில் கொஞ்சம், டிஃபரென்ஷியல் வாஷரில் கொஞ்சம் என்று சேர்ந்து பெரிய அடியாகலாம்.

சமதளத்தில் நான்கு சக்கரங்களுக்கும் தடைக்கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, அடியில் போய்ப் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். கட்டை விரலைக் கிராஸின் இரு கவைகளுக்கும் குறுக்கே வைத்துக்கொண்டு முறுக்கினால், ஒரு கவை அசைந்த பிறகே மற்றது அசைவது விரலில் தெரியும். தெரிந்தால் கிராஸ் போய்விட்டது. கிராஸின் தொப்பி ஓரத்தில் காவி நிறத்தில் துருப்பொடி படிந்திருந்தால் ஆட்டிப் பார்க்கவே தேவையில்லை. உள்ளே ஊசி பேரிங்குகள் கிரீஸ் வறண்டு அரைபட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த நிலையில் மெதுவாகப் போகும்போது குருவி கத்துவதுபோல "கிறீச் கிறீச்" என்றும் வரும். ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன் இரண்டு ஃபிளேஞ்சுகளிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். மறுபடி அதே நிலையில் மாட்டாவிட்டாலும், வழுக்கும் பல்வரியில் ஷாஃப்டைத் திருப்பிச் செருகி இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இல்லாமல் போனாலும், முன்பு இல்லாத "கும்" என்ற அதிர்வு 60 கிலோமீட்டருக்கு மேல் இருக்கையின் அடியில் எழும். புதுக் கிராஸ் போட்ட மறுநாள் தொடங்கிய அதிர்வுக்குப் புதுக் கிராஸைத் திட்டுவதைவிட, அந்தக் கோடுகள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

கிராஸ் நன்றாக இருந்தும் அடி விழுந்தால் பட்டையை ஹவுசிங்கோடு கட்டும் யு போல்ட்டுகளைப் பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் இழுவையின்போது ஹவுசிங்கே சற்று உருண்டு அடிக்கும். பட்டைகளின் நடுவில் செல்லும் சென்டர் போல்ட் அறுந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஹவுசிங் ஒரு பக்கம் முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். முன் சக்கரங்களை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரு பக்கமும் டேப்பால் அளந்து பார்க்கலாம். அம்பாசடரில் இது 2464 மில்லிமீட்டர். இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதே இங்கு முக்கியம்.

எண்ணும்படி வரும் "டிக், டிக்" அல்லது "டொக், டொக்"

சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வருவது இது. மென்மையாக, தரையில் தட்டுவதுபோல் இருந்தால் டயரின் பூவில் ஜல்லியோ ஆணியோ சிக்கியிருக்கும். உலோகக் குடத்தில் கூழாங்கல் உருள்வதுபோல் மெதுவாகப் போகும்போது மட்டும் ஒலித்து, வேகம் எடுத்ததும் மறைந்தால், வீல் கப்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே உதிர்ந்த துருக்கட்டியோ ஒரு நட்டோ கிடக்கும். வேகத்தில் அது விளிம்போடு ஒட்டிச் சுழல்வதால் சத்தம் நின்றுவிடுகிறது.

உள்ளே கிடப்பது நட்டாக இருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். வீல் நட்டுகள் தளர்ந்த சக்கரம் "டொக், டொக்" என்று அடித்துக்கொண்டே தன் துளைகளை முட்டை வடிவத்துக்கு அகலப்படுத்திக்கொள்ளும். துளைகளைச் சுற்றிக் காவி நிறக் கோடுகள் கதிர்போல் வழிந்திருந்தால் அந்தச் சக்கர டிஸ்கை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

பிரேக்கோடு தொடர்புடைய உரசல்

"சர்ர்… சர்ர்" என்ற உரசல் ஓடும்போது இருந்து, பிரேக்கை லேசாகத் தொட்டதும் மாறினால் டிரம்மைத் திறக்க வேண்டியதுதான். வெறிச்சோடிய சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் கைப்பிரேக்கை இரண்டு பல் மட்டும் இழுத்துப் பார்ப்பது நல்ல சோதனை. கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால் முன்பக்கக் குழப்பம் வராது. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு டிரம்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் அனலாக வீசுவது தெரியும். அந்தப் பக்கம் ஷூ திரும்பாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓரிரு நாள் மழையில் நின்ற வண்டி முதல் நூறு மீட்டர் உரசிவிட்டு அடங்கினால் அது டிரம்மின் மேற்பரப்புத் துரு. அதைப் பொருட்படுத்த வேண்டாம். லைனிங் தேய்ந்து ரிவெட்டின் தலை டிரம்மைக் கீறினால் சத்தம் கிறீச்சிடலாக மாறும். உள்ளே விரலை வைத்தால் இசைத்தட்டுபோல வரிகள் தெரியும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததால் டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

பள்ளத்தில் மட்டும் வருபவை

கதவு திறக்கும் ஓசைபோல நீளமாகக் கிறீச்சிட்டால், பட்டைகள் ஒன்றோடொன்று உலர்ந்து உரசுகின்றன. ஒரு குடம் தண்ணீரைப் பட்டையின் மேல் ஊற்றி ஓட்டிப் பார்த்தால் சத்தம் அரை மணி நேரம் காணாமல் போகும். அப்படிப் போனால் நோய் உறுதியாயிற்று. இதற்குக் கழிவு ஆயிலைத் தடவுவது நம் ஊரில் பரவலான வைத்தியம். அது பட்டைக்கு நல்லதே. ஆனால் பட்டையின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்களில் பட்டால் அவை ஊறிப் பிளந்து, சில மாதங்களில் கிறீச்சிடலுக்குப் பதிலாக "லொடக் லொடக்" வந்து சேரும்.

அந்த "லொடக்" வந்துவிட்டால் ஷாக்கிள் புஷ்ஷையும் ஷாக் அப்சார்பரின் மேல், கீழ் ரப்பர்களையும் பார்க்க வேண்டும். பின் பம்பரை அழுத்தி விட்டால் வண்டி எழுந்து ஒருமுறை தாழ்ந்து நிற்க வேண்டும். ஊஞ்சல்போல் ஆடினால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. பின்னால் மூவர் உட்கார்ந்தால் மட்டும் "டொம்" என்று இடித்தால் பட்டை சாய்ந்துவிட்டதா, இல்லை ஹவுசிங்குக்கு மேலே இருக்கும் தடுப்பு ரப்பர் விழுந்துவிட்டதா என்று பாருங்கள். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை இரு பக்கமும் அளந்தால் சாய்வு தெரிந்துவிடும். உடைந்த பட்டை மற்றவற்றின் நடுவே மறைந்திருப்பதால் கண் அதைத் தவறவிடும், அளவு தவறவிடாது. சைலன்சர் குழாய் ஹவுசிங்கின் பக்கத்தில் போகும் இடத்தையும் ஆள் ஏறிய நிலையிலேயே பார்க்க வேண்டும்; காலி வண்டியில் இரண்டு விரல் இடைவெளி இருந்த இடம் ஆள் ஏறியதும் முட்டிக்கொள்ளும். குழாய் ஆறியிருக்கும்போது கையால் ஆட்டினால் எங்கே தட்டுகிறது என்று அதுவே சொல்லும். பாதி நிறைந்த டேங்கில் பெட்ரோல் அலம்பும் "களக்" ஒலியைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம்.

இவை எதிலும் சிக்காமல் பள்ளத்தில் மட்டும் "பட்" என்று தகரம் மடங்கும் ஓசை வந்தால், பட்டையின் முன்முனை பாடியோடு சேரும் இடத்தைச் சுத்தியலின் பின்முனையால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு "டங்" என்று பதில் சொல்லும். அரித்துப்போன இரும்பு "தொப்" என்னும், சில நேரம் சுத்தியலே உள்ளே போகும். அண்டர்கோட்டிங் பூச்சு இந்த அரிப்பை வெளியே தெரியாமல் மறைத்துவிடும் என்பதால் பார்ப்பது போதாது, தட்ட வேண்டும்.

ஓட்டிக்கொண்டே வீடு போகக் கூடாத நிலைகள்

நேற்றுவரை இல்லாத கடும் உறுமலோடு ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி கை வைக்க முடியாதபடி சூடானாலும், திருப்பத்தில் பின்பக்கம் தனியாக விலகுவதுபோல் தோன்றினாலும், வீல் நட்டுகள் தளர்ந்திருந்தாலும், கிராஸ் கண்ணுக்குத் தெரியும்படி ஆடினாலும் வண்டியை ஓரம் கட்டுங்கள். ஓடும்போது முன் கிராஸ் அறுந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும். தளர்ந்த நட்டுகளை அங்கேயே இறுக்கி, துளைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் ஸ்டெப்னியை மாட்டலாம். கிராஸ் என்றால் ஷாஃப்டைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரலாம். பேரிங் அல்லது ஆக்சில் என்றால் அப்படி இழுப்பதும் உதவாது. பின்சக்கரங்கள் தரையில் உருளும்வரை அந்தப் பேரிங்கும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆகையால் பின்பக்கத்தைத் தூக்கிக் கொண்டுபோகும் வண்டியையோ, முழுக் காரையும் ஏற்றும் தட்டு வண்டியையோதான் வரவழைக்க வேண்டும். தொலைபேசியில் கூப்பிடும்போதே "பின் வீல் தரையில படக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள்.